கேப் டவுனுக்குப் படிக்க வரும் தம்பி தங்கைகளுக்கு

இஸ்லாமியப் பண்பாட்டு வரலாற்றில் முதுகலை படிக்கக் கேப் டவுனுக்கு வந்தபோது, காயல்பட்டினத்து வீட்டில் கற்றதை மூட்டை கட்டி வைத்துவிட்டு எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்க வேண்டும் என்று நினைத்தேன். முதல் பருவம் முழுவதும் நூலகத்திலேயே போயிற்று. அந்தத் தவறை நீங்கள் செய்யக் கூடாது.

புத்தகங்கள் தரும் சட்டகம் தேவைதான். இலங்கையில் சிறைவைத்திருந்த மக்காசர் ஷேக் யூசுஃபை டச்சுக் கம்பெனி 1694இல் இங்கே கொண்டுவந்து இறக்கியது. இந்தோனேசியாவின் திதோர் தீவைச் சேர்ந்த மார்க்க அறிஞர் துவான் குரு, கேப் டவுனை ஒட்டிய கடலிலுள்ள ராபன் தீவில் அடைக்கப்பட்டார். குர்ஆனை நினைவிலிருந்தே கையால் எழுதியவர் அவர். அவர் இமாமாக இருந்த அவ்வல் பள்ளிவாசல் போ-காப் பகுதியின் டோர்ப் தெருவில் 1794இல் தொடங்கியது. முஸ்லிம்கள் வெளிப்படையாகத் தொழ அனுமதி கிடைத்ததோ 1804இல்தான்.

ஆனால் என்னை உலுக்கியது அந்தப் பள்ளிவாசல் மனைக்கு உரியவரின் பெயர்: கோரிடான் வான் சீலோன். அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர், பெயரின் பின்பாதிக்கு 'இலங்கையைச் சேர்ந்த' என்று பொருள். பழைய அடிமைப் பதிவுகளில் 'வான் பெங்காலன்', 'வான் மலபார்', 'வான் டி கஸ்ட்' என்றெல்லாம் வரும். கடைசிப் பெயரில் உள்ள கஸ்ட் என்பது கரை, அதாவது நம் சோழமண்டலக் கரை. இங்குள்ள முஸ்லிம்களைக் குறிக்கும் 'கேப் மலாய்' என்ற ஒற்றைப் பெயருக்குள் இவர்கள் எல்லோரையும் அடக்கியது பெரிய அநியாயம் என்றே நான் கருதுகிறேன். ஆவணக் காப்பகத்துக்குப் போனால் முதலில் பெயர்களைப் படியுங்கள்.

இரண்டாம் பருவத்தில், போ-காப்பில் ஒரு மூதாட்டியின் வீட்டுக்குப் போனேன். தகரப் பெட்டியிலிருந்து அட்டை கிழிந்த ஒரு நோட்டை எடுத்துத் தந்தார். 'கொப்லெஸ்புக்' என்பார்கள், கொப் என்றால் தலை, லெஸ் என்றால் பாடம். மதரசாப் பிள்ளைகள் மனப்பாடம் செய்ய எழுதிக்கொண்ட ஏடு. எழுத்து அரபு, மொழியோ டச்சிலிருந்து இங்கே கிளைத்த ஆஃப்ரிகான்ஸ். எனக்கு அப்போது ஆஃப்ரிகான்ஸில் பத்துச் சொல்கூடத் தெரியாது. அவருக்கோ கண் மங்கிவிட்டது. உயிர்க்குறிகள் முழுக்க இட்டிருந்ததால் எழுத்துக் கூட்டிக் கூட்டி வாசித்தேன். இரண்டு வரி போனதும் அவர் கண்களை மூடிக்கொண்டு மீதியை ராகத்தோடு ஒப்பித்தார். அல்லாஹ்வின் இருபது பண்புகள்! என் உம்மாவின் உம்மா எனக்கு ஓதிக்கொடுத்த அதே பாடம்.

என்னால் அதை வாசிக்க முடிந்ததற்குக் காரணம், தமிழை அரபு எழுத்தில் எழுதும் அரபுத் தமிழ். எங்கள் வீட்டில் 'மாலை' என்னும் புகழ்ப்பாடல்களை அந்த எழுத்தில்தான் ஓதுவார்கள். அரபியில் 'ப' ஒலிக்குத் தனி எழுத்து இல்லை. அரபு எழுத்தை மாற்றித் தம் மொழிக்குப் பொருத்திக்கொள்ளும் வேலையை நம் முன்னோரும் செய்தார்கள், இவர்களும் செய்தார்கள். துருக்கி சுல்தான் இங்கே அனுப்பிவைத்த அறிஞர் அபூபக்கர் எஃபெந்தி, ஆஃப்ரிகான்ஸை அரபு எழுத்தில் எழுதிய 'பயானுத்தீன்' என்ற மார்க்கச் சட்ட நூல் 1877இல் இஸ்தான்புல்லில் அச்சாயிற்று. ஆஃப்ரிகான்ஸ் இந்நாட்டின் ஆட்சிமொழியானதோ அதற்கு வெகுகாலம் கழித்து, 1925இல்தான். எந்த வகுப்பிலும் கிடைக்காத பயிற்சி நம் வீட்டுப் பெண்களிடம் கிடைத்திருக்கிறது. ஊரைவிட்டுக் கிளம்பும் முன் அவர்களிடம் உட்கார்ந்து படித்துவிட்டு வாருங்கள்.

ஆஃப்ரிகான்ஸை வந்த முதல் மாதமே தொடங்குங்கள். டர்பனிலிருந்து வந்த தமிழ்த் தோழி ஒருத்தி அதைப் பள்ளியில் படித்தவள். கரும்புத் தோட்ட வேலைக்கு வந்தவர்களின் வழித்தோன்றல். தாத்தா, அம்மா போன்ற சொற்கள் அவளிடம் இருந்தன, எழுத்து இல்லை. அவள் எனக்கு ஆஃப்ரிகான்ஸ் சொல்லித் தந்தாள். நான் அவளுக்கு அ, ஆ எழுதப் பழக்கினேன். ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம், செலவே இல்லை.

கிராமத் என்று இங்கே சொல்லப்படும் அடக்கத் தலங்களில் படம் எடுக்கும் முன் அனுமதி கேளுங்கள். பெண்களாக இருந்தால் நபிகள் பிறந்தநாளான மீலாதை ஒட்டிப் பள்ளிவாசலில் நடக்கும் 'ராம்பீஸ்' நாளைத் தவறவிடாதீர்கள். ஆரஞ்சு, எலுமிச்சை இலைகளை மயிரிழையாக அரிந்து, நறுமண எண்ணெய் சேர்த்து, சிறு பொட்டலங்களாகக் கட்டுவார்கள். நோட்டுப் புத்தகத்தைப் பையிலேயே வைத்துவிட்டுக் கத்தியும் பலகையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கொப்லெஸ்புக் வைத்திருந்த அந்த மூதாட்டியை நான் முதலில் சந்தித்தது அந்தப் பலகை வரிசையில்தான்.