வயிற்றெரிவோடு மூன்று கிழமை

கமரா விட்டு இரைப்பையைப் பார்க்கப் போகிறவர்களுக்கு முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். முதல் நாள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றும் வாயில் வைக்காதீர்கள். எனக்கு இதை ஒருவரும் சொல்லவில்லை.

ஒட்டுசுட்டானில் விடியப்புறம் முதல் பஸ் ஏறி, மாங்குளத்தில் இறங்கி, ஏ9 வீதியில் அடுத்த பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர எட்டு மணி தாண்டிவிட்டது. மிஸ்ஸி (தாதி) கேட்ட முதல் கேள்வியே "என்ன சாப்பிட்டனீங்கள்?" பால் தேத்தண்ணியும் இரண்டு பிஸ்கற்றும் என்றேன். "அப்ப இண்டைக்குச் செய்யேலாது." வயிற்றில் கிடப்பது மேலே எழும்பி மூச்சுக்குழாய்க்குள் போனால் ஆபத்தாம். அவர் சொன்னது சரி. ஆனால் திகதி தந்தவரிடம் "வேற ஏதும் கவனிக்க வேணுமோ?" என்று நான் கேட்டேனே! "எல்லாம் துண்டில இருக்கு" என்று தலை நிமிராமல் சொன்னார். துண்டில் இருந்தது ஆங்கிலத்தில் ஒரு கிறுக்கல். அடுத்த திகதி மூன்று கிழமை கழித்து.

இது தொடங்கியது தை அறுவடையில். இடுப்பு நோவுக்குப் பார்மசியில் டைக்ளோபெனக் வாங்கி, வெறும் வயிற்றில் பத்து நாள் விழுங்கினேன். பிறகு எரிவு, புளித்த ஏப்பம், இரண்டு வாய் சாப்பிட்டதும் வயிறு ஊதல். வீட்டில் எல்லோரும் மிளகாய்த்தூளைத்தான் குற்றம் சொன்னார்கள். என்ன குளிசை போட்டாய் என்று டொக்டர் மட்டும் கேட்டார்.

அந்த மூன்று கிழமையும் சாப்பாட்டோடுதான் போராட்டம். அம்மா பால் குடிக்கச் சொன்னா. அரை மணி நேரம் சுகமாக இருக்கும், அப்புறம் முன்னையை விட எரியும். பால் அமிலத்தைக் கூட்டும் என்று பிறகுதான் தெரிந்தது. பக்கத்து வீட்டு அன்ரி தேசிக்காய்த் தண்ணி தந்தா, அன்றிரவே சத்தி.

தங்கியது பச்சையரிசிக் கஞ்சிதான். குழைய வேகவைத்து, கொஞ்சம் பயற்றம்பருப்பும் உப்பும் போட்டது. இடியப்பத்துக்குச் சொதி, ஆனால் பச்சை மிளகாயும் தேசிக்காய்ப் புளியும் இல்லாமல். புடலங்காய், பூசணிக்காய் பாற்கறி. தேங்காயின் முதற்பால் விட்டால் நெஞ்சில் நிற்கிறது, இரண்டாம் பாலே போதும். அவித்த மீன், பப்பாசி, இதரை வாழைப்பழம். வயிறு நிறைய மூன்று வேளை சாப்பிடாமல் கொஞ்சம் கொஞ்சமாக ஐந்து வேளை. இரவுச் சாப்பாடு ஏழு மணிக்கு, படுக்கை பத்துக்கு. வெறும் வயிற்றுத் தேத்தண்ணியை விடுவதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமாக இருந்தது. இடையில் ஒரு அந்தியேட்டி வீட்டில் பொரித்த மிளகாயும் வடையும் சாப்பிட்டு இரண்டு இரவு நித்திரை போனது.

இன்னொரு பிழை: அமிலத்தைக் குறைக்கும் ஒமிப்ரசோல் குளிசையைச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டு வந்தேன். சாப்பாட்டுக்கு அரை மணிக்கு முன் போட வேண்டும். நேரத்தை மாற்றிய பிறகுதான் வித்தியாசம் தெரிந்தது.

இரண்டாம் தடவை சோதனை பத்து நிமிடத்தில் முடிந்தது. தொண்டை மரத்துப்போக மருந்து அடிப்பார்கள். மரப்புப் போகும்வரை தண்ணியும் குடிக்காதீர்கள். புண் இல்லை, அழற்சி மட்டும். ஹெலிகோபக்டர் பைலோரி என்ற கிருமிக்கும் பார்த்தார்கள், இல்லை. இருந்திருந்தால் கஞ்சியால் போகாது, அன்ரிபயோட்டிக் வேண்டும். நோவுக் குளிசையை அடியோடு நிறுத்தச் சொன்னார்கள்.

மலம் தார் போலக் கறுப்பாகப் போனாலோ, சத்தியில் இரத்தம் வந்தாலோ கஞ்சி காய்ச்சிக்கொண்டு இருக்காதீர்கள். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இரும்புச்சத்துக் குளிசை போடுகிறவர்களுக்கும் மலம் கறுக்கும், அதையும் டொக்டரிடம் சொல்லுங்கள்.

நேற்றுப் புட்டோடு ஒரு கிள்ளுச் சம்பல் தொட்டுச் சாப்பிட்டேன். இரவு எரியவில்லை.