கவுண்டி ஆபீஸ்கிட்ட மெயில் கேக்குற வேலை

என்ன வேலை பாக்குறேன்னு ஊர்ல யாராவது கேட்டா ஒரே வரியில சொல்ல வராது. அமெரிக்காவோட தெற்கு மாநிலங்கள்ல ஓட்டுரிமைக்காக வேலை செய்யற ஒரு சின்ன அமைப்பு, அதுல என் பங்கு அரசாங்கத்துக்கிட்ட ரெக்கார்ட்ஸ் கேட்டு எழுதறது, வந்ததைப் படிக்கறது, வராததை விடாம துரத்திக்கிட்டே இருக்கறது. நம்ம ஆர்டிஐ மாதிரின்னு சொன்னா டக்குன்னு புரிஞ்சுக்குவாங்க. ஆனா இங்க 1966-ல வந்த ஃபோயா சட்டம் ஃபெடரல் அரசாங்கத்துக்கு மட்டும்தான், தேர்தலை நடத்தறதோ மாநிலமும் கவுண்டியும் (நம்ம மாவட்டம் மாதிரி), அங்க மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேற, கெடு வேற. ஜார்ஜியாவுல மூணு வேலை நாளுக்குள்ள பதில் சொல்லியாகணும். டெக்சஸ்ல தர விருப்பமில்லைன்னா பத்து வேலை நாளுக்குள்ள மாநிலத்தோட தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரல்கிட்ட போய் அனுமதி கேக்கணும். நார்த் கரோலினா சட்டத்துல நாள் கணக்கே இல்லை, முடிஞ்ச அளவு சீக்கிரம் கொடுக்கணும்னு மட்டும் இருக்கு. வெர்ஜீனியாவுல அந்த மாநிலத்துக்காரங்க கேட்டாத்தான் கொடுக்கணும்னு வச்சிருக்காங்க, அது செல்லும்னு 2013-ல சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிடுச்சு, அதனால அங்கயே குடியிருக்கற ஒருத்தர் பேர்லதான் எங்க ரிக்வஸ்ட் போகும்.

அதே 2013-ல ஜூன் மாசம் வந்த இன்னொரு தீர்ப்பு இல்லைன்னா இந்த வேலையே இவ்வளவு தேவைப்பட்டிருக்காது. ஷெல்பி கவுண்டி வழக்கு. 1965-ல வந்த வோட்டிங் ரைட்ஸ் ஆக்ட்படி, இனப் பாகுபாடு பண்ணின சரித்திரம் உள்ள மாநிலங்கள் தேர்தல் நடைமுறையில எதை மாத்தறதா இருந்தாலும், ஒரு பூத்தை அடுத்த தெருவுக்கு மாத்தறதா இருந்தாக்கூட, முதல்ல வாஷிங்டன்ல அனுமதி வாங்கணும். அந்த விதி எந்தெந்த இடத்துக்குப் பொருந்தும்னு சொல்ற பிரிவை 5-க்கு 4-ன்னு கோர்ட் ரத்து பண்ணிடுச்சு. அன்னைக்கு வரைக்கும் கவுண்டியே எழுதி அனுப்பிக்கிட்டிருந்த விவரத்தை அதுக்கப்புறம் வெளியில இருக்கறவங்க ஒவ்வொண்ணா கேட்டு வாங்க வேண்டியதாப் போச்சு. 2012-லருந்து 2018-க்குள்ள முன்னாடி இப்படி அனுமதி வாங்க வேண்டியிருந்த பகுதிகள்ல 1,688 வாக்குச்சாவடிகள் மூடப்பட்டிருக்குன்னு லீடர்ஷிப் கான்ஃபரன்ஸ்ங்கற சிவில் உரிமை அமைப்புகளோட கூட்டமைப்பு 2019-ல அறிக்கை போட்டுச்சு, டெக்சஸ்ல மட்டும் 750. அந்த எண்ணிக்கையை எந்த அரசாங்கமும் ஒரே இடத்துல வச்சிருக்கலை, கேட்டுக் கேட்டு சேர்த்ததுதான்.

வேலைக்குப் புதுசா வர்றவங்களுக்கு நான் முதல்ல சொல்றது, யார் மேல சந்தேகமோ அவங்ககிட்ட போய் நிக்காதே, அவங்க மெயில் யாருக்குப் போயிருக்கும்னு யோசி, அவங்ககிட்ட கேளு. கட்சிக்கு ரெக்கார்ட்ஸ் சட்டம் கிடையாது. ஜார்ஜியா சட்டமன்றத்துக்கும் அந்த மாநில ஓப்பன் ரெக்கார்ட்ஸ் சட்டம் பொருந்தாது. நார்த் கரோலினாவுல 2023 பட்ஜெட்டோட சேர்த்து ஒரு விதியை நுழைச்சிட்டாங்க, தன்கிட்ட இருக்கற காகிதத்துல எது பொது ஆவணம், எது இல்லைன்னு எம்எல்ஏவே முடிவு பண்ணிக்கலாம். இது எனக்கு இன்னும் ஜீரணமாகாத விஷயம். ஆனா இவங்க எல்லாருமே கடைசியில ஒரு கவுண்டி தேர்தல் ஆபீசுக்கு எழுதித்தான் ஆகணும், அங்க உக்காந்திருக்கற ரெண்டு மூணு பேர்தான் லிஸ்ட்டைத் திருத்தறாங்க, பூத்தைத் திறக்கறாங்க, அவங்க மெயில்பாக்ஸ் பொது ஆவணம்.

2016 ஆகஸ்ட்ல நடந்ததை இதுக்கு உதாரணமா அடிக்கடி சொல்லுவேன். நார்த் கரோலினா 2013-ல கொண்டுவந்த தேர்தல் சட்டத்தை அந்த ஜூலை மாசம்தான் அப்பீல் கோர்ட் ரத்து பண்ணியிருந்துச்சு. எந்த இனத்து மக்கள் எந்த முறையில ஓட்டு போடறாங்கன்னு சட்டமன்றம் டேட்டா கேட்டு வாங்கியிருக்கு, வாங்கிட்டு கருப்பின மக்கள் அதிகமா பயன்படுத்தின முறைகளையே வெட்டியிருக்கு, கிட்டத்தட்ட அறுவை சிகிச்சை துல்லியத்தோட அவங்களைக் குறி வச்சிருக்காங்கன்னு தீர்ப்புலயே எழுதினாங்க. முன்கூட்டி ஓட்டுப்போடற நாட்களை 17-லருந்து 10-ஆ குறைச்சதும் அதுல ஒண்ணு. சரி, தீர்ப்பு வந்தாச்சு, முடிஞ்சுதுன்னு பாத்தா, ரிபப்ளிகன் கட்சியோட மாநில நிர்வாக இயக்குநர் கவுண்டி தேர்தல் போர்டுல இருக்கற தன் கட்சிக்காரங்களுக்கு மெயில் அனுப்பறார், முன்கூட்டி வாக்குப்பதிவு நேரத்தையும் இடத்தையும் கட்சிக்குச் சாதகமா மாத்துங்கன்னு. அனுப்பினவர்கிட்ட கேட்டிருந்தா அது கிடைச்சிருக்கவே கிடைச்சிருக்காது, வாங்கினவங்க போர்டு மெம்பர்ஸ், அதனால நியூஸ் அண்ட் அப்சர்வர் பத்திரிகை ரெக்கார்ட்ஸ் ரிக்வஸ்ட் வழியாவே அதை வெளியில எடுத்துடுச்சு.

ரிக்வஸ்ட் எழுதறதுல ஒரு பக்குவம் இருக்கு. "இது சம்பந்தமான எல்லா ஆவணங்களும்"னு எழுதினா அடுத்த வாரம் ஃபீ எஸ்டிமேட் வரும், ஆயிரக்கணக்கான டாலர், பத்தாயிரக்கணக்கான பக்கம், அதோட நம்ம கோப்பு தூங்கிடும். அதனால ஆள் யாரு, எந்தத் தேதியிலருந்து எந்தத் தேதி வரைக்கும், மெயில்ல எந்தச் சொல் இருக்கணும், எதிர்ல இருக்கறவங்க மெயில் முகவரி @-க்கு அப்புறம் என்னன்னு முடியும், இந்த நாலையும் குறிச்சுடுவோம். அட்டாச்மென்ட் தனியா வேணும்னு எழுதணும், எழுதலைன்னா மெயில் மட்டும் வரும், உள்ளே இருந்த எக்செல் ஃபைல் வராது, நமக்கு வேண்டியதே அதுதான். பிரிண்ட் எடுத்து ஸ்கேன் பண்ணாம எக்செல்லாவே தாங்கன்னும் சேர்த்துக் கேக்கணும், இல்லைன்னா பக்கவாட்டுல படுத்துக்கிட்டு ஒரு பிடிஎஃப் வரும், நெடுவரிசைகள்ல பாதி வெட்டுப்பட்டிருக்கும்.

அப்படி ஒரு சின்ன கவுண்டியிலருந்து வந்த எக்செல் ஃபைல் இன்னும் மனசுல நிக்குது. ஜார்ஜியாவுல 2021-ல வந்த எஸ்பி 202 சட்டப்படி ஒரு தனி ஆள் எத்தனை வாக்காளர் பேரை வேணும்னாலும் எதிர்த்து மனு கொடுக்கலாம், எண்ணிக்கைக்கு வரம்பே கிடையாது. அந்த ஊர்க்காரர் ஒருத்தர் கொடுத்த பட்டியல் அது. பேர், முகவரி, பதிவு எண், கடைசி நெடுவரிசையில காரணம். காரணம்ங்கற நெடுவரிசை மேலருந்து கீழ வரைக்கும் ஒரே வாக்கியம், முகவரி குடியிருப்பு இல்லைன்னு, மேல ஒரு தடவை டைப் பண்ணி கீழ வரைக்கும் இழுத்துவிட்டது. முகவரி நெடுவரிசையை மட்டும் ஃபில்டர் போட்டுப் பாத்தேன், ஒரே கதவிலக்கம் வரிசையா வருது, தேடிப் பாத்தா அது முதியோர் இல்லம். அதே கட்டுல அந்த ஆபீஸ் அம்மா ஒருத்தர் சக ஊழியருக்கு எழுதின ரெண்டு வரி மெயிலும் இருந்துச்சு, இவங்கள்ல சிலரை எனக்கே தெரியும், அங்கேயேதான் இருக்காங்க, ஆனா ஒவ்வொரு பேரையும் போர்டு முன்னாடி வைக்கணுமாமேன்னு. தேர்தல் வேலை தலைக்கு மேல இருக்கற நேரத்துல அந்த அம்மா ஒவ்வொரு பேரா சரிபாத்திருக்காங்க. கவுண்டி ஆபீஸ்ல இருக்கறவங்களை எல்லாம் எதிரியா நினைச்சுக்கிட்டு இந்த வேலைக்கு வராதீங்கன்னு நான் சொல்றது இதனாலதான், பாதி உண்மை அவங்க எழுதி வச்சதாலதான் நமக்குக் கிடைக்குது.

"அப்படி ஒரு ஆவணம் எங்ககிட்ட இல்லை"ங்கற பதில் வந்தா நிறைய பேர் சோர்ந்து போயிடறாங்க. ராண்டால்ஃப் கவுண்டியைப் பாருங்க. ஜார்ஜியாவோட தென்மேற்குல அப்போ ஏழாயிரம் பேர் அளவுக்கு இருந்த ஏழைக் கவுண்டி, பாதிக்கு மேல கருப்பின மக்கள். 2018 ஆகஸ்ட்ல அங்க இருந்த 9 வாக்குச்சாவடியில 7-ஐ மூடப்போறோம்னு திட்டம் வந்துச்சு, காரணம் மாற்றுத்திறனாளிகளுக்கு ஏத்த வசதி அங்க இல்லையாம். சரி, அதை ஆராய்ஞ்ச அறிக்கையைக் கொடுங்கன்னு ஓப்பன் ரெக்கார்ட்ஸ்ல கேட்டாங்க. சமீப காலத்துல அப்படி ஒரு ஆய்வே இல்லைன்னு கவுண்டி பதில் எழுதுச்சு. சொன்ன காரணத்துக்கு ஆதாரமா ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லைன்னு கவுண்டியே கையெழுத்து போட்டுக் கொடுத்த மாதிரி ஆயிடுச்சு. நாடு முழுக்க பேச்சாகி, ஊர் ஜனங்க கூட்டம் கூட்டமா வந்து கேட்டு, ஆகஸ்ட் 24-ஆம் தேதி போர்டு ஒரு நிமிஷத்துல அந்தத் திட்டத்தைத் தள்ளுபடி பண்ணிடுச்சு.

அதே வருஷம் அக்டோபர்ல அசோசியேட்டட் பிரஸ் ரெக்கார்ட்ஸ் வாங்கி இன்னொண்ணை வெளியிட்டுச்சு. ஜார்ஜியாவுல 53,000-க்கு மேல வாக்காளர் விண்ணப்பம் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கு, அதுல கிட்டத்தட்ட 70 சதவீதம் கருப்பின மக்கள், மாநில மக்கள்தொகையில அவங்க 32 சதவீதம்தான். அப்போ எக்ஸாக்ட் மேட்ச்னு ஒரு முறை இருந்துச்சு, விண்ணப்பத்துல இருக்கற பேர் அரசாங்க டேட்டாபேஸோட எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகணும், ஒரு ஹைஃபன் விட்டுப்போனாலும் நிறுத்திடும். அவங்க அடையாள அட்டையோட போனா ஓட்டு போடலாம்தான், அதையும் சொல்லணும், ஆனா "பெண்டிங்"னு ஒரு கடிதம் வந்ததுக்கு அப்புறம் எத்தனை பேர் வரிசையில வந்து நிப்பாங்க? அந்த லிஸ்ட்டைப் பராமரிச்சது செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட், அதாவது மாநிலத் தேர்தல் பொறுப்புல இருக்கற அதிகாரி, பிரையன் கெம்ப், அப்போ கவர்னர் பதவிக்குப் போட்டியிட்டுக்கிட்டிருந்தவரும் அவரேதான்.

நம்ம ஆளுங்களுக்கு நேராவே சம்பந்தப்பட்டது டெக்சஸ் விஷயம். 2019 ஜனவரி 25-ஆம் தேதி, குடியுரிமை இல்லாதவங்க 95,000 பேர் வாக்காளர் பட்டியல்ல இருக்கலாம்னு அந்த மாநில செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட் ஆபீஸ் அறிவிச்சுச்சு. எப்படிக் கண்டுபிடிச்சாங்கன்னு பாத்தா டிரைவிங் லைசன்ஸ் டேட்டா. கிரீன் கார்டுல இருக்கும்போது லைசன்ஸ் எடுத்திருப்போம், அது பல வருஷம் செல்லும், நடுவுல சிட்டிசன் ஆயிடுவோம், ஆனதும் போய் லைசன்ஸ் ஆபீஸ்ல சொல்லணும்னு ஒண்ணும் கிடையாது, சத்தியப்பிரமாணம் எடுத்த கையோட வாக்காளரா பதிவு பண்ணிக்கறோம். டேட்டாபேஸ்ல நாம இன்னும் வெளிநாட்டுக்காரங்க. அத்தனை பேருக்கும் முப்பது நாளுக்குள்ள குடியுரிமையை நிரூபிக்கச் சொல்லி கவுண்டி கடிதம் அனுப்பலாம், பதில் வரலைன்னா பேரை எடுத்துடலாம். அறிவிச்சு சில நாளுக்குள்ளயே ஏறத்தாழ 25,000 பேரை விட்டுடுங்கன்னு கவுண்டிகளுக்கு ஃபோன் போச்சு, ஹூஸ்டன் இருக்கற ஹாரிஸ் கவுண்டியில மட்டும் கொடுத்த 30,000 பேர்ல 18,000 அளவுக்குத் தப்பு. ஏப்ரல்ல மாநிலம் சமரசம் பண்ணிக்கிட்டு அந்த அறிவிப்பை வாபஸ் வாங்குச்சு, மே மாசம் செக்ரட்டரி டேவிட் விட்லி ராஜினாமா பண்ணினார். ஜூன்ல வெளிவந்த மெயில்கள்ல, கவர்னர் ஆபீஸ் இந்த டேட்டாவைச் சீக்கிரமா கேக்குதுன்னு லைசன்ஸ் துறைக்குள்ள 2018 ஆகஸ்ட்லயே எழுதிக்கிட்டது இருந்துச்சு. கவர்னர் ஆபீஸ் அதை மறுத்துச்சு. மறுப்பையும் மெயிலையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் படிக்க முடியுதே, எனக்கு அது பெரிய விஷயம்.

மாநிலச் சட்டம் கைவிட்ட இடத்துல 1993-ல வந்த நேஷனல் வோட்டர் ரெஜிஸ்ட்ரேஷன் ஆக்ட் கைகொடுக்கும். வாக்காளர் பட்டியலைச் சுத்தம் பண்ற வேலை சம்பந்தப்பட்ட ஆவணங்களை ரெண்டு வருஷமாவது வச்சிருக்கணும், கேட்டவங்களுக்குக் காட்டணும்னு அதுல இருக்கு. ஃபெடரல் தேர்தலுக்கு 90 நாளுக்குள்ள மொத்தமா பேர் நீக்கக்கூடாதுன்னும் இருக்கு. 2024-ல அலபாமா தேர்தலுக்கு 84 நாள் இருக்கும்போது 3,251 பேரை எடுக்க ஆரம்பிச்சாங்க, அதுல 2,000 பேருக்கு மேல தகுதியுள்ளவங்கன்னு தெரிஞ்சுது, கோர்ட் நிறுத்துச்சு. வெர்ஜீனியாவுல சுமார் 1,600 பேர், கீழ்க்கோர்ட் திருப்பிச் சேர்க்கச் சொன்னதை அக்டோபர் 30-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் நிறுத்தி வச்சுடுச்சு, தேர்தல் நவம்பர் 5. இந்தச் சட்டத்துலயும் எப்பவும் ஜெயிக்கிறதில்லை, டெக்சஸ் லிஸ்ட் கேட்ட ஒரு வழக்குல கேட்டவங்களுக்கு வழக்கு போடற தகுதியே இல்லைன்னு 2022-ல அப்பீல் கோர்ட் சொல்லிடுச்சு.

நாள்தான் எங்களுக்கு எதிரி. தேர்தல் முடிஞ்சதுக்கு அப்புறம் வர்ற மெயில் கட்டு வழக்குக்கு உதவும், பேர் போன மனுஷனுக்கு அந்த ஓட்டு திரும்ப வராது. அதனால இப்பெல்லாம் தேர்தல் இல்லாத வருஷத்துலதான் அதிகமா எழுதறோம், அடுத்த பட்டியல் சுத்திகரிப்புக்கு எந்த டேட்டாபேஸை ஒப்பிடப்போறாங்க, அந்த ஒப்பந்தத்தைக் காட்டுங்கன்னு இப்பவே கேட்டு வச்சிடறோம்.

டெக்சஸ்லயோ ஜார்ஜியாவுலயோ இருக்கற, சமீபத்துல சிட்டிசன் ஆன நம்ம ஆளுங்களுக்கு ஒரு வேண்டுகோள். மாநில இணையதளத்துல உங்க பதிவு ஆக்டிவ்னு இருக்கான்னு தேர்தலுக்கு மூணு மாசம் முன்னாடியே பாருங்க. குடியுரிமையை நிரூபிக்கச் சொல்லி கவுண்டியிலருந்து கடிதம் வந்தா பயந்து ஒதுக்கி வைக்காதீங்க, கெடுவுக்குள்ள நேச்சுரலைசேஷன் சர்ட்டிஃபிகேட் நகலோட பதில் போடுங்க. கடிதத்தையும் உறையையும் தூக்கிப்போடாம ஃபோட்டோ எடுத்து உங்க ஊர் ஓட்டுரிமை அமைப்புக்கு அனுப்புங்க, ஏன்னா அதுல இருக்கற கவுண்டி பேரும் தேதியும் படிவ எண்ணும் கிடைச்சுதுன்னா, அதே கடிதம் இன்னும் யார் யாருக்குப் போச்சுன்னு கேட்டு அன்னைக்கே ரிக்வஸ்ட் எழுதிடலாம்.