மழைக்கணக்க மாசம் மாசமா பாருங்க

ஒரு சின்ன ஊருக்கு வருஷத்துக்கு 900 மில்லிமீட்டர் மழைன்னு படிச்சா நான் அதோட நிக்க மாட்டேன், ஏன்னா அந்த 900 பன்னெண்டு மாசமும் பரவலா பெய்ஞ்சுதா இல்ல ரெண்டே மாசத்துல கொட்டித் தீர்த்துச்சாங்கறதுலதான் விஷயமே இருக்கு. மொத்தம் ஒண்ணுதான், ஆனா கொட்டித் தீர்த்த ஊர்ல நெறைய தண்ணி நிலத்துல இறங்காமலே ஓடிப்போயிடும், மிச்ச மாசமெல்லாம் வானத்தப் பாத்துட்டே இருக்கணும்.

சராசரியும் அப்படித்தாங்க. உலக வானிலை அமைப்பு 30 வருஷக் கணக்கத்தான் இயல்புன்னு வச்சிருக்கு, இப்போ 1991லருந்து 2020 வரைக்கும். ஆனா ஒரே ஒரு புயல் வந்த வருஷம் அந்த மாச சராசரிய நல்லா தூக்கிவிட்டுடும், அதனால வருஷா வருஷம் தனித்தனியா பாக்கறது ரொம்ப முக்கியம். பனி விழற ஊர்ல அதையும் உருக்கி தண்ணியாத்தான் சேப்பாங்க.

நானும் மரம், சுவர் மறைக்காத எடத்துல மழைமானி வச்சு தெனம் காலைல ஒரே நேரத்துல அளந்து நோட்டுல எழுதறேன். 1 மில்லிமீட்டர்னா சதுர மீட்டருக்கு 1 லிட்டர், அப்போ 100 சதுர மீட்டர் கூரைல 10 மில்லிமீட்டர் பெய்ஞ்சா 1000 லிட்டர்! முதல்தடவ கணக்கு போட்டப்ப மனசே ஆறல, இத்தன வருஷமா இதையெல்லாம் சாக்கடைல விட்டுட்டோமேன்னு.