இழுபடுவதும் இசைவதும்

என்ட்ரெயின்மென்ட் (entrainment) என்ற ஆங்கிலச் சொல் சில துறைகளில் இழுபடுவதையும், வேறு சிலவற்றில் ஒரு தாளத்துக்கு இசைவதையும் குறிக்கிறது. அதைக் கேட்டதும் சர்க்கரை ஆலைப் பொறியாளரின் நினைவுக்கு வருவது, சாறு கொதிக்கும் கலனிலிருந்து நீராவியோடு தப்பிச் செல்லும் நுண்துளிகள். அவருக்கு அது நஷ்டக் கணக்கு. ஆகவேதான் ஆவி வெளியேறும் வழியில் துளிகளை மறிக்கும் தடுப்புகளை வைப்பதோடு, ஆவியைக் குளிர்விக்கும் நீரில் சர்க்கரை கலந்திருக்கிறதா என்றும் ஆலைகளில் சோதிக்கிறார்கள். வானிலை ஆய்வாளருக்கோ அது மேகத்தின் ஆயுளைப் பற்றியது. மேலெழும் ஈரக்காற்று சுற்றியுள்ள வறண்ட காற்றை உள்ளிழுத்துக்கொள்ள, துளிகள் ஆவியாகி, மேகம் குளிர்ந்து தன் மிதப்பை இழக்கிறது. மார்ட்டன், டெய்லர், டர்னர் ஆகிய மூன்று ஆய்வாளர்களும் 1956இல் இதற்கு ஓர் எளிய அனுமானத்தை வைத்தனர்: பக்கவாட்டிலிருந்து உள்ளே வரும் காற்றின் வேகம், அந்தந்த உயரத்தில் மேலெழும் ஓட்டத்தின் வேகத்தில் ஒரு நிலையான பங்கு, ஏறத்தாழ பத்தில் ஒன்று. எரிமலைப் புகைத்தூண்களைக் கணக்கிடுவோர் இன்றும் அதில்தான் தொடங்குகிறார்கள்.

இவற்றில் இழுக்கப்படுவது பொருள். அந்தத் துளிக்கும் காற்றுக்கும் சொந்தமாக ஒரு தாளம் கிடையாது.

அதே சொல்லின் தாளத்தைப் பற்றிய மற்றோர் அர்த்தம், 1665இல் டச்சு அறிவியலாளர் ஹைகன்ஸ் நோய்ப்படுக்கையிலிருந்து கவனித்த இரு ஊசல் கடிகாரங்களிலிருந்து வளர்ந்தது. எப்படிக் கலைத்துவிட்டாலும் அரை மணி நேரத்துக்குள் அவை எதிரெதிர்த் திசையில் ஆடும் ஒழுங்குக்கே திரும்பின. முதலில் காற்றின் மேல் சந்தேகப்பட்ட அவர், பின்னர் இரண்டையும் தாங்கிய சட்டத்தின் கண்ணுக்குப் புலப்படாத அசைவே காரணம் என்று கண்டார்.

உயிரியலில் இந்த அர்த்தம் இன்னும் கூர்மையடைகிறது. மனித உடலின் உள்கடிகாரம் தனித்து விடப்பட்டால் சராசரியாக 24 மணி நேரத்தைவிடச் சற்றே நீண்ட சுற்றில் ஓடும். காலை வெளிச்சம் அதைத் தினமும் சரிசெய்கிறது. ஆனால் வெளிச்சம் மட்டுமே அந்த வேலையைச் செய்வதில்லை. மதுரைக்கு அருகே, இருள் நிறைந்த ஒரு குகையில், சந்திரசேகரனும் மாரிமுத்துவும் அவர்களுடைய சகாக்களும் இலைமூக்கு வௌவால்களை அடைத்துவைத்து ஆராய்ந்து, 1981இல் முடிவுகளை வெளியிட்டனர். பகலிரவை அறிய வழியற்ற அந்த வௌவால்கள், சுதந்திரமாக வந்துபோகும் தம் இனத்தாரின் புறப்பாட்டுக்கு இசைந்தே விழித்துப் பறந்தன. அந்தக் கூட்டம் இல்லாத இடத்தில் வைக்கப்பட்டபோதோ, அவற்றின் உள்கடிகாரம் 24 மணி நேரக் கணக்கிலிருந்து விலகித் தன் போக்கில் ஓடத் தொடங்கியது. இவ்வளவு தெளிவான சான்று கிடைக்க மிகப் பெரிய கருவி எதுவும் தேவைப்படவில்லை என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

அந்தச் சோதனையின் இரண்டாம் பாதிதான் என் பார்வையில் உரைகல். தூண்டுதலை விலக்கிய பிறகும் தாளம் தொடர்ந்தால், அது முன்பே உள்ளே இருந்தது, வெளியிலிருந்து வந்தது அதன் நேரத்தைத் திருத்த மட்டுமே செய்தது என்று கொள்ளலாம். உடனே நின்றுவிட்டால், ஒவ்வொரு தூண்டுதலுக்கும் ஒரு எதிர்வினை எழுந்தது என்பதற்கு மேல் எதையும் சொல்ல முடியாது. மூளை அலைகள் ஒலிக்கோ ஒளிக்கோ இசைகின்றன என்ற கூற்றுகளைப் பற்றி நரம்பியலாளர்கள் நடத்தும் விவாதம் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் நிற்கிறது. மனதை அமைதிப்படுத்தும் ஒலிகள் என்று செயலிகளை விற்பவர்கள் அந்த விவாதத்தைத் தங்கள் விளம்பரத்தில் சேர்ப்பதில்லை.