தீட்சாபூமியில் ஓர் அசோக விஜயதசமி

விஜயதசமியன்று நாக்பூர் ரயில் நிலையத்தில் இறங்குகிறவர் யாரிடமும் வழி கேட்க வேண்டியதில்லை. வெள்ளைப் புடவை, வெள்ளைச் சட்டை, தோளில் துணிப்பை, கையில் நீலக் கொடி என்று குடும்பம் குடும்பமாக ஒரே திசையில் நடந்துகொண்டிருப்பார்கள். அவர்கள் பின்னால் போனால் போதும், அம்பேத்கர் பௌத்தம் ஏற்ற திடலான தீட்சாபூமி வந்துவிடும். மகாராஷ்டிரத்தின் கிழக்குப் பகுதியான விதர்பாவின் கிராமங்களிலிருந்து முந்தைய நாளே வந்து, திடலைச் சுற்றிக் கிடைத்த இடத்தில் துண்டை விரித்துத் தூங்கியவர்கள் ஏராளம். சாலையோரம் முழுக்கப் பந்தல்கள், சோறும் பூரியும் தண்ணீரும் இலவசம். காசை நீட்டினால் “ஜெய் பீம்” என்று கும்பிட்டு, இன்னும் ஒரு கரண்டி வைக்கிறார்கள்.

தேங்காய், பூ, கற்பூரம் விற்கும் கடைகள் இருக்க வேண்டிய இடத்தில் புத்தகக் கடைகள் இருந்தன. தரையில் விரித்த தார்ப்பாய் மேலும் புத்தகங்கள்தான். எழுத்துக்கூட்டிப் படிக்கிற வயதுப் பையனுக்கு அவன் தகப்பனார் குனிந்து நின்று ஒரு புத்தகத்தைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்ததைப் பார்த்தேன். பிரசாதம் என்று இங்கிருந்து வீட்டுக்குப் போவது புத்தகம்தான்.

தீட்சாபூமியின் ஸ்தூபி சாஞ்சியின் சாயலில் எழுந்தது. சாஞ்சி ஸ்தூபி உள்ளே இறுகிய கட்டுமானம். இதன் உள்ளே நுழையலாம். உயரம் சுமார் 120 அடி, குறுக்களவும் ஏறக்குறைய அதே. வடிவமைத்தவர் கட்டடக் கலைஞர் ஷியோ டான் மல். 2001 டிசம்பர் 18 அன்று குடியரசுத் தலைவர் கே. ஆர். நாராயணன் திறந்து வைத்தார். தீண்டாமையின் கொடுமையைத் தன் குடும்பத்திலேயே அறிந்த ஒருவர் நாட்டின் முதல் குடிமகனாக வந்து இந்தக் கதவைத் திறந்தார் என்பதை நினைக்க நெஞ்சு நிறைகிறது. அருகே போதிமரம். பௌத்தத் துறவி பதந்த ஆனந்த் கௌசல்யாயன் அனுராதபுரத்திலிருந்து கொண்டுவந்த கன்றுகள் வளர்ந்த மரம் அது. ஸ்தூபியினுள் புத்தர் சிலையும் பாபாசாகேப் அம்பேத்கரின் அஸ்தியும். வரிசை மெல்லத்தான் நகர்ந்தது. அஸ்தியின் முன்னால் யாரும் எதுவும் கேட்கவில்லை. மகனுக்கு வேலை, மகளுக்குக் கல்யாணம் என்ற வேண்டுதல் எதுவும் என் காதில் விழவில்லை. கைகூப்பி, ஒரு நொடி நின்று, நகர்ந்துவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் செய்தேன்.

1956 அக்டோபர் 14, அந்த வருஷத்து விஜயதசமி. கலிங்கப் போருக்குப் பின் அசோகர் புத்தரின் போதனையான தம்மத்தை ஏற்ற நாள் இது என்பது இம்மக்களின் நம்பிக்கை, அதனால்தான் அசோக விஜயதசமி என்ற பெயர். குசிநகரிலிருந்து வந்த முதுபெரும் பிக்கு சந்திரமணி, அம்பேத்கருக்கும் அவர் மனைவி சவிதா அம்மையாருக்கும் புத்தம், தம்மம், சங்கம் மூன்றையும் சரணடையும் திரிசரணத்தையும் ஐந்து ஒழுக்கங்களான பஞ்சசீலத்தையும் பாலி மொழியில் சொல்லிக் கொடுத்தார். புத்தர் சிலை முன் மும்முறை வணங்கி வெண்தாமரை வைத்தார் அம்பேத்கர். அதுவரை நடந்தது மரபு. அதன்பின் அவர் எழுந்து, சர்க்கரை நோயால் தளர்ந்த உடம்போடு, எதிரே நின்ற மக்களுக்குத் தானே தீட்சை கொடுத்தார். அவரே எழுதிய 22 உறுதிமொழிகளை அவர்கள் திருப்பிச் சொன்னார்கள். மூன்றரை லட்சம் பேருக்கு மேல் இருக்கும் என்கிறார்கள். அதற்குப் பிறகு அவர் வாழ்ந்தது 53 நாட்கள்தான்.

ஒரு இல்லறத்தார், துறவி அல்லாதவர், லட்சக்கணக்கானவர்களுக்குச் சரணம் கொடுப்பதா? பௌத்த உலகில் எழுந்த முதல் கேள்வி இதுதான். சங்கத்தில் சேர்கிற பிக்குவுக்கு முறையான தீட்சை உண்டு, வீட்டில் இருக்கும் சாதாரண ஜனங்களுக்கு அப்படி ஒன்று இல்லாமல் போனதே இந்தியாவில் பௌத்தம் கரைந்ததற்கு ஒரு காரணம் என்பது அம்பேத்கரின் கணிப்பு. ஆகவே தம்ம தீட்சை என்று ஒன்றை ஏற்படுத்தினார். முந்தைய நாள் நாக்பூரில் செய்தியாளர்களிடம் அவர் சொன்னதும் இந்தப் பாதையைத்தான்: ஹீனயானம், மகாயானம் என்ற பழைய பிரிவுகளுக்குள் தன் மக்களை இழுக்கப்போவதில்லை, புத்தர் போதித்த கொள்கைகளையே பற்றிக்கொள்ளும் புதிய பௌத்தம், நவயானம்.

இரண்டாவது கேள்வி இன்னும் கனமானது. அவர் மறைந்தபின் 1957இல் வெளிவந்த ‘புத்தரும் அவரது தம்மமும்’ நூலின் முன்னுரையிலேயே சில சிக்கல்களை அவர் எடுத்து வைக்கிறார். முதியவர், நோயாளி, பிணம், துறவி ஆகியோரைக் கண்டுதான் சித்தார்த்தர் வீட்டை விட்டார் என்ற கதை நம்பும்படி இல்லை; இருபத்தொன்பது வயது வரை ஒருவர் கிழவரையும் சாவையும் பார்க்காமல் இருக்க முடியுமா? ரோகிணி ஆற்றுத் தண்ணீருக்காக அண்டைக் குலமான கோலியர்மீது போர் தொடுக்க, சித்தார்த்தரின் சொந்தக் குலமான சாக்கியரின் சங்கம் முடிவெடுத்தது, அதை அவர் எதிர்த்ததால் நாட்டை விட்டுப் போக நேர்ந்தது என்பது அம்பேத்கர் தரும் காரணம். (ஆற்றுநீர்ச் சண்டை என்றால் என்னவென்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.) போன பிறவியின் வினையால்தான் இந்தப் பிறவியின் தாழ்வு என்பதை அவர் அடியோடு மறுத்தார். துக்கம், அதன் காரணம், அதன் முடிவு, அதற்கான வழி என்ற நான்கு உண்மைகளும்கூட, இப்போது சொல்லப்படும் வடிவில், புத்தரே போதித்தவையா அல்லது பிக்குகள் பின்னால் சேர்த்தவையா என்று கேட்டார்.

பௌத்த அமைப்பான மகாபோதி சங்கத்தின் இதழ் இதை ஆபத்தான நூல் என்று எழுதியது. தலைப்பிலிருந்து புத்தரை எடுத்துவிட்டு அம்பேத்கர் பெயரைப் போடலாம் என்றவர்களும் உண்டு. சாரநாத்தின் முதல் உரையே அந்த நான்கு உண்மைகள்தான் என்பது இரண்டாயிரம் ஆண்டு மரபு. அதில் கைவைப்பதில் அவரோடு என்னால் முழுதாக ஒத்துப்போக முடியவில்லை. துக்கத்துக்குக் காரணம் ஆசை என்ற வாக்கு என் சொந்த வாழ்வில் பலமுறை கைகொடுத்திருக்கிறது.

ஆனால் அன்று மதியம் போதிமர நிழலில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆஜியின் (மராட்டியில் பாட்டி) துக்கத்துக்கு எது காரணம்?

எழுபதைத் தாண்டியவர். யவத்மாள் பக்கத்து ஊர். பேத்தி கல்லூரியில் படிக்கிறாள். ஆஜியின் மராட்டியை அவள்தான் எனக்கு இந்தியில் சொன்னாள். 56இல் அம்மாவின் இடுப்பில் உட்கார்ந்து இந்தத் திடலுக்கு வந்தாராம் ஆஜி. ஊரில் மாடு செத்தால் இழுத்துப் போட அவர்கள் வீட்டைத்தான் கூப்பிடுவார்கள். இங்கிருந்து திரும்பிப் போன வாரமே அவருடைய அப்பா “இனி வரமாட்டோம்” என்று சொல்லிவிட்டார். அம்மா வீட்டிலிருந்த சாமிகளைத் துணியில் முடிந்து ஆற்றில் விட்டுவிட்டு வந்தார். அந்த வருஷம் முழுக்க யாரும் அவர்களுக்குக் கூலி வேலை கொடுக்கவில்லை. “சாப்பாடு?” என்று கேட்டேன். “பாதி நாள் இல்லை” என்றாள் பேத்தி. ஆஜி ஏதோ சேர்த்துச் சொல்ல, அவள் சிரித்துக்கொண்டே மொழிபெயர்த்தாள்: “ஆனா மாடு இழுக்கப் போகலை.”

இந்தக் குடும்பத்திடம் போய், உன் துன்பத்துக்கு உன் ஆசையே காரணம், உன் முன்வினையே காரணம் என்று எந்தத் துறவி சொல்ல முடியும்? அவர்களுடைய துக்கம் பிறர் கையால் வந்தது. அதற்குப் பேர் சொல்லி, அதை ஒழிக்கும் வழியையே தம்மம் என்று சொன்ன ஒருவர் தேவைப்பட்டார். நூலகத்தில் அம்பேத்கரைப் படித்தபோது எனக்கு வாதமாக இருந்தது, அந்த மரத்தடியில் கருணையாகத் தெரிந்தது. அவர் புத்தரைத் திருத்தினார் என்ற குற்றச்சாட்டுக்கு என்னிடம் பாலி மேற்கோள் எதுவும் இல்லை. ஆஜி இருக்கிறார்.

22 உறுதிமொழிகளும் திடலில் தூணில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. முதல் எட்டில் பலவும் மறுப்புகள்: இன்னின்ன தெய்வங்களை வணங்கமாட்டேன், புத்தரை விஷ்ணுவின் அவதாரம் என்று ஏற்கமாட்டேன், சிரார்த்தம் செய்யமாட்டேன், பிண்டம் வைக்கமாட்டேன். இவை பிறர் மனதைப் புண்படுத்துகின்றன என்று இன்றும் சர்ச்சை வருகிறது. ஒன்பதாவதிலிருந்து குரல் மாறுகிறது: மனிதர் அனைவரும் சமம், சமத்துவத்துக்காக உழைப்பேன், எண்வழிப் பாதையில் நடப்பேன், எல்லா உயிர்களிடமும் இரக்கம் காட்டுவேன், திருடமாட்டேன், பொய் சொல்லமாட்டேன், குடிக்கமாட்டேன். இருபத்தோராவதில் நான் நின்றுவிட்டேன். எனக்கு மறுபிறப்பு நிகழ்கிறது என்று நம்புகிறேன் என்கிறது அது. அடுத்த ஜன்மத்தில் இல்லை, சொல்லி முடிக்கிற அந்த நிமிஷத்தில்.

அந்தப் பிறப்புக்குக் கொடுத்த விலையும் சின்னதல்ல. 1951 கணக்கெடுப்பில் இந்தியாவில் பௌத்தர்கள் இரண்டு லட்சத்தைத் தொடவில்லை. 1961இல் 32 லட்சம். மதம் மாறியதால் மத்திய அரசின் பட்டியல் சாதிச் சலுகைகள் அவர்களுக்கு இல்லாமல் போயின. 1990இல்தான் திரும்பக் கிடைத்தன. தெரிந்தேதான் தீட்சை எடுத்தார்கள்.

இந்த ஊரை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்று அன்றே கேட்டவர்கள் உண்டு, ஆர்.எஸ்.எஸ். அமைப்பின் தலைமையகமும் நாக்பூர்தான். யாரோடும் போட்டிக்காக இல்லை, பௌத்தத்தைப் பரப்பிய நாகர்களின் மண் இது என்று மறுநாள் உரையில் அம்பேத்கர் பதில் சொன்னார். இன்றும் ஒரே விஜயதசமியில் ஒரே நகரத்தில் இரண்டு பெருங்கூட்டங்கள் கூடிக் கலைகின்றன.

நமக்கும் இந்த வழியில் பங்கு உண்டு. அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் கொழும்பு போய்ப் பஞ்சசீலம் ஏற்று வந்து சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார், நாக்பூருக்கு 58 ஆண்டுகள் முன்பே. கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் இறங்கிய தமிழர்கள் மாரிக்குப்பத்தில் பௌத்த சங்கம் நடத்தினார்கள். சென்னைப் பேராசிரியர் பி. லட்சுமி நரசு எழுதிய பௌத்த நூலுக்கு 1948 பதிப்பில் முன்னுரை எழுதியவர் அம்பேத்கர். தீட்சாபூமியின் புத்தகப் பந்தல்களில் நரசுவின் பெயரைத் தேடிப்பார்த்தேன். கடைக்காரர் அட்டையைப் பார்க்காமலே சரியான அடுக்கிலிருந்து உருவிக் கொடுத்தார். பெரம்பூரில் பிறந்து வளர்ந்த எனக்கு அது பெரிய சந்தோஷம்.

கூட்டம் ஒத்துக்கொள்ளாதவர்கள் வேறு மாதத்தில் போகலாம், ஸ்தூபி நிதானமாகப் பார்க்கக் கிடைக்கும். நாக்பூரை அடுத்த காம்டியில் ஜப்பானியர் உதவியோடு எழுந்த டிராகன் பேலஸ் விகாரையையும், சிச்சோலி கிராமத்தில் பாபாசாகேப்பின் உடைகளும் தட்டச்சுப் பொறியும் இருக்கும் அருங்காட்சியகத்தையும் சேர்த்துப் பார்க்க ஒரு முழுநாள் வேண்டும். ஆனால் முடிந்தவர்கள் விஜயதசமிக்கே போங்கள். சென்னையிலிருந்து தில்லி போகும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ், ஜி.டி. எக்ஸ்பிரஸ் இரண்டும் நாக்பூரில் நிற்கும். அந்த வாரத்துக்கு இடம் கிடைப்பது கடினம், முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள். பையில் புத்தகத்துக்கு இடம் விட்டு வையுங்கள்.