நூறு சதவீதம் என்ற பிடிவாதம்

மடிக்கணினி பழுது பார்ப்பது என் தொழில். "பேட்டரி நிற்கவே மாட்டேன் என்கிறது" என்று கொண்டுவருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, "எந்நேரமும் சார்ஜிலேயே போட்டு வைத்திருப்பீர்களா?" என்பதுதான். பெரும்பாலும் ஆமாம் என்பார்கள். நூறுக்குக் கீழே இறங்கவே விட்டதில்லை என்று சிலர் பெருமையோடு சொல்வார்கள். அந்த அக்கறையே பேட்டரியின் ஆயுளைத் தின்றுகொண்டிருக்கிறது என்று அவர்களிடம் சொல்வது எனக்கு வருத்தமாக இருக்கும்.

இரவெல்லாம் சார்ஜில் கிடந்தால் அளவுக்கு மீறி ஏறிவிடும் என்ற பயம் இன்னும் போகவில்லை. அப்படி ஏறாது. பேட்டரிக்குள்ளேயே இருக்கும் கட்டுப்பாட்டுச் சர்க்யூட், நிறைந்ததும் நிறுத்திவிடும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. இன்றைய மடிக்கணினிப் பேட்டரிக்குள் இருக்கும் லித்தியம் அயான் செல் ஒன்று முழுதாக நிறையும்போது அதன் மின்னழுத்தம் 4.2 வோல்ட்டைத் தொடும். சில வகைகளில் இன்னும் சற்றுக் கூடுதல். அந்த உச்சத்தில் உள்ளேயிருக்கும் வேதிப்பொருள்கள் நிம்மதியாக இருப்பதில்லை. செல்லுக்குள் மின்னூட்டத்தைச் சுமந்து செல்லும் மின்பகுளி என்ற பொருள் மெல்ல மெல்லச் சிதைகிறது. கூடவே சூடும் சேர்ந்தால் அந்தச் சிதைவு வேகமெடுக்கும். இப்படிப் போன கொள்ளளவு திரும்பி வராது. நிறைந்த பேட்டரியும் கொதிக்கும் கணினியும் நாள்முழுக்கச் சேர்ந்திருப்பதைத்தான் நான் அஞ்சுகிறேன்.

கடைசிச் சில சதவீதம் ஏற ஏன் அவ்வளவு நேரமாகிறது என்று பலர் கேட்பதுண்டு. தொடக்கத்தில் மின்னோட்டம் ஒரே வேகத்தில் பாயும். செல் உச்ச மின்னழுத்தத்தை எட்டியபின், அதைத் தாண்டாமல் பிடித்துக்கொண்டு மின்னோட்டம் படிப்படியாகக் குறைக்கப்படும். கடைசிப் பகுதியை நிதானமாகத்தான் நிரப்ப முடியும். அடாப்டரில் கோளாறு என்று எண்ண வேண்டாம்.

ஆகவே, மேசையிலேயே வைத்து வேலை செய்பவர்கள் சார்ஜ் வரம்பை 80 சதவீதத்தில் வைத்துவிடுங்கள். லெனோவோ, ஆசுஸ், டெல், எச்பி போன்றவற்றின் பல மாடல்களில், அந்தந்த நிறுவனத்தின் செயலியிலோ, கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய பயாஸ் என்ற அடிப்படை அமைப்புப் பக்கத்திலோ இந்த வசதி இருக்கிறது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு பெயரில் ஒளித்து வைத்திருப்பதுதான் தொல்லை, தேடினால் கிடைக்கும். பயணம் போகும் நாளில் நூறு வரை ஏற்றிக்கொள்ளலாம், தவறே இல்லை. வசதி இல்லாத கணினி என்றால் அவ்வப்போது பிளக்கைக் கழற்றி 40, 50 வரை இறங்க விடுங்கள். அதற்காகச் சதவீதத்தையே பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதில்லை.

முழுதாகத் தீர்த்துவிட்டுத்தான் ஏற்ற வேண்டும் என்பது பழைய நிக்கல் காட்மியம் பேட்டரிகள் காலத்து அறிவுரை. லித்தியத்துக்கு அது பொருந்தாது; பொருந்தாதது மட்டுமல்ல, கெடுதலும்கூட. இருபது சதவீதம் என்று காட்டிக்கொண்டே திடீரென அணைந்துபோனால் மட்டும், அளவுகாட்டியைச் சரிசெய்ய ஒருமுறை முழுதாக இறக்கி ஏற்றிப் பார்க்கலாம். மாதக்கணக்கில் கணினியை எடுக்கப்போவதில்லை என்றால் பாதி சார்ஜில் அணைத்து, சூடில்லாத இடத்தில் வையுங்கள். காலியாக வைத்துவிட்டுப் போகாதீர்கள். மெத்தைமேல் வைத்துச் சார்ஜ் ஏற்றுவதும் வேண்டாம். அடிப்பக்கக் காற்றுத்துளைகள் அடைபட்டுவிடும். உறைநிலைக்குக் கீழான குளிரில் ஏற்றுவது வேறு வகைச் சேதம்: லித்தியம் உலோகமாகவே உள்ளே படியத் தொடங்கும்.

டைப் சி சார்ஜர்களில் வாட் அதிகம் என்று பயப்படாதீர்கள். முறையாகத் தயாரித்த சார்ஜரானால், கணினி தனக்கு வேண்டியதைக் கேட்டுத்தான் வாங்கிக்கொள்ளும். கேபிளில் கவனம் தேவை. 60 வாட்டுக்கு மேல் போக வேண்டுமானால் அதற்கென்று செய்த 5 ஆம்பியர் கேபிள் வேண்டும். பழைய உருளைப் பின் சார்ஜர் மாற்றினால் வோல்ட் பொருந்த வேண்டும், ஆம்பியர் குறையக்கூடாது, பின்னின் துருவமும் (பிளஸ், மைனஸ் எந்தப் பக்கம் என்பது) ஒத்திருக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று, இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். டச்பேட் அழுத்தினால் கிளிக் ஆகவில்லை, அல்லது மூடிய கணினி மேசையில் சமமாக உட்காராமல் ஆடுகிறது என்றால் பேட்டரி உப்பியிருக்கலாம். அப்படி வரும் கணினிகளில் கடைசித் திருகைக் கழற்றியதும் அடிமூடி தானாகவே மேலெழும்பும். உள்ளே, தட்டையாக இருக்க வேண்டிய கறுப்பு உறை சின்னத் தலையணை போல வீங்கிக் கிடக்கும். மின்பகுளி சிதைந்து வந்த வாயு அது, தீப்பற்றக்கூடியது. உடனே அணைத்து, சார்ஜரைப் பிடுங்குங்கள். அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள், "இன்னும் வேலை செய்கிறதே" என்று ஓட்டாதீர்கள். பழக்கப்பட்டவரிடம் கொடுத்து மாற்றுங்கள். கழற்றிய பேட்டரி வீட்டுக் குப்பையில் சேரக்கூடாது. மின்கழிவு வாங்கும் இடத்தில் ஒப்படைக்க வேண்டும்.