இரண்டு மொழிகள், ஒரு வகுப்பறை: பிப்ரவரி நாட்குறிப்பு

பிப்ரவரி 3

புதிய பள்ளியில் இன்று முதல் நாள். இருமொழிக் கல்வியில் எனக்கு இது 27ஆம் ஆண்டு. முதல் 12 ஆண்டுகள் வகுப்பாசிரியை. அப்புறம் பள்ளி பள்ளியாகப் போய் ஆசிரியர்களோடு வகுப்பில் உட்கார்ந்து வேலை செய்பவள்.

முன்னேற்றத் திட்டம் என்று ஒரு தடித்த கோப்பைக் கொடுத்தார்கள். தேர்ச்சி, வருகை, வீட்டுப்பாடம், எல்லாவற்றுக்கும் அட்டவணை இருக்கிறது. பிள்ளைகள் வீட்டில் என்ன மொழி பேசுகிறார்கள் என்பது மட்டும் எந்தப் பக்கத்திலும் இல்லை. தலைமையாசிரியரைக் கேட்டேன். "சேர்க்கைப் படிவத்துல இருக்கும் மேடம். யாரும் எடுத்துப் பார்த்ததில்லை" என்றார். மறைக்காமல் சொன்னாரே, அது பிடித்தது.

பிப்ரவரி 4

படிவங்களை எடுத்து எண்ணினோம். பாடம் முழுக்க ஆங்கிலத்தில் நடக்கும் ஐந்தாம் வகுப்பில் பாதிக்கு மேல் வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைகள். 'கற்றலில் பின்தங்கியோர்' பட்டியலில் 8 பெயர்கள். எட்டுப் பேருமே தமிழ்ப் பிள்ளைகள். தலைமையாசிரியர் அந்தத் தாளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிப்ரவரி 10

அந்த எட்டில் ஒரு பையன். விளையாட்டு மைதானத்தில் ஆங்கிலத்தில் சண்டை போடுகிறான், சமாதானமும் ஆகிறான். "இவ்வளவு நல்லாப் பேசுறான், கணக்குல மட்டும் முட்டை. சோம்பேறித்தனம்தான்" என்கிறார் வகுப்பாசிரியை. அவர் அக்கறை இல்லாதவர் இல்லை. இந்தத் தவறு மிக இயல்பாக நேர்வது. பேச்சு மொழி வேறு, பாட மொழி வேறு என்று மொழிக் கல்வி ஆய்வாளர் ஜிம் கமின்ஸ் 1979இல் பிரித்துக் காட்டினார். புதிய மொழியில் அன்றாடம் பேச ஏறத்தாழ 2 ஆண்டுகள் போதும். பாடத்தை அதில் படித்து, யோசித்து, எழுதி உடன் படிப்பவர்களுக்கு ஈடாக வர 5 முதல் 7 ஆண்டுகள் ஆகும். இந்தப் பையன் ஆங்கிலத்துக்கு வந்து 3 ஆண்டுதான் ஆகிறது.

இன்று அவனோடு ஒரு கணக்கு. ஆங்கிலத்தில் இருந்ததன் சாரம் இது: தம்பியிடம் 12 பென்சில்கள். அது அக்காவிடம் இருப்பதைவிட 5 அதிகம். அக்காவிடம் எத்தனை? அவன் 17 என்று எழுதினான். அதே கணக்கைத் தமிழில் சொன்னேன். "அக்காவைவிட தம்பிகிட்ட அஞ்சு அதிகம்" என்று வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு, "அப்ப அக்காகிட்ட ஏழு" என்றான்.

கழித்தல் அவனுக்குத் தெரிகிறது. தடுக்கியது வாக்கியத்தில். தமிழில் 'விட' யாரோடு ஒப்பிடுகிறோமோ அவரோடு ஒட்டிக்கொள்கிறது. 'அக்காவைவிட' என்பதை வாக்கியத்தின் முன்னால் வைத்தாலும் நடுவில் வைத்தாலும் பொருள் மாறாது. ஆங்கிலத்தில் சொல் நிற்கும் இடம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அது பிடிபடாத பிள்ளை தெரிந்த ஒரு சொல்லைப் பற்றிக்கொள்ளும். 'அதிகம்' என்று வந்தால் கூட்டு என்று வகுப்பில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அவனும் கூட்டினான். சொன்னபடி செய்ததற்குத்தான் அவனுக்கு முட்டை.

வீட்டுக்கு வந்தும் மனம் ஆறவில்லை. ஆசிரியையான இரண்டாம் ஆண்டில் ஒரு பெண் குழந்தையின் மதிப்பெண் அட்டையில் 'மெதுவாகக் கற்பவள்' என்று எழுதினேன். அவள் மொழியில் ஒரு கேள்விகூடக் கேட்காமல் எழுதினேன். அவள் அம்மா அதைப் படிக்கத் தெரியாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்தக் கையெழுத்து இன்னும் நினைவில் இருக்கிறது.

பிப்ரவரி 12

கடிகாரத்தோடு வகுப்பில் உட்கார்ந்தேன். கேள்வி கேட்டபின் ஆசிரியை பெரும்பாலும் ஒரு வினாடிதான் காத்திருக்கிறார். கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களிலேயே எழுதியது இது: காத்திருப்பை 3 வினாடிக்கு மேல் நீட்டினால் பதில்கள் நீள்கின்றன, வாய் திறக்காத பிள்ளைகளும் பேசுகிறார்கள். இரண்டு மொழிக்கு நடுவில் யோசிக்கும் பிள்ளைக்கு அந்த வினாடிகள் இன்னும் அதிகம் தேவை. ஆசிரியையிடம் சொன்னேன். மாலை வகுப்பில் மனசுக்குள் மூன்று எண்ணினார். "மூணு வினாடி இவ்வளவு நீளமா மேடம்!" என்றார்.

பிப்ரவரி 17

ஆசிரியர் கூட்டம். பென்சில் கணக்கைக் காட்டினேன். மூத்த ஆசிரியர் ஒருவர், "எல்லாருக்கும் ஒரே புத்தகம், ஒரே ஆசிரியர், ஒரே தேர்வு. இதுக்கு மேல என்ன நியாயம் வேணும்?" என்று கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். சான் பிரான்சிஸ்கோவில் ஆங்கிலம் புரியாமல் வகுப்பில் உட்கார்ந்திருந்த சீனப் பிள்ளைகளின் வழக்கைச் சொன்னேன். 1974இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரே கட்டடம், ஒரே புத்தகம், ஒரே ஆசிரியர் கொடுத்துவிட்டால் சமமாக நடத்தியதாகாது என்று சொல்லிவிட்டது. அவர் மறுக்கவும் இல்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. "என் வகுப்புக்கும் ஒரு நாள் வாங்க" என்றார். எனக்கு அது போதும்.

பிப்ரவரி 21

இன்று உலகத் தாய்மொழி நாள். வங்க மொழிக்காக 1952இல் டாக்காவில் உயிர்விட்ட மாணவர்களின் நாள். யுனெஸ்கோ 1999இல் அறிவித்தது. பள்ளியில் பாட்டும் பேச்சும் நடந்தன. எனக்கு அதைவிட முக்கியம் மாலையில் நடந்த பெற்றோர் சந்திப்பு.

பையனின் அப்பா வந்திருந்தார். "வீட்லயும் இங்கிலீஷ்லயே பேசுங்கன்னு முன்னாடி படிச்ச பள்ளியில சொன்னாங்க மேடம். எனக்குத் தெரிஞ்சது சாப்பிடு, தூங்கு, படி. அதைத்தான் மூணு வருஷமா பேசிட்டிருக்கேன்" என்றார்.

பதில் சொல்ல எனக்குச் சற்று நேரம் ஆனது. நல்லெண்ணத்தோடு சொல்லப்பட்ட ஓர் அறிவுரை அப்பாவையும் மகனையும் மூன்று சொற்களுக்குள் அடைத்துவிட்டது. வீட்டு மொழி பேசினால் பிள்ளை பின்தங்கிவிடும் என்ற பழைய அச்சம் தவறு என்று ஆய்வுகள் எப்போதோ காட்டிவிட்டன. கனடாவின் மான்ட்ரியாலில் பீல், லாம்பர்ட் என்ற உளவியலாளர்கள் இருவரும் 1962இல் வெளியிட்ட ஆய்வில் இரு மொழியும் நன்கு தெரிந்த பத்து வயதுப் பிள்ளைகள் ஒரு மொழிப் பிள்ளைகளைவிட அறிவுத் தேர்வுகளில் நன்றாகச் செய்திருந்தார்கள். நைஜீரியாவின் இஃபேயில் 1970இல் தொடங்கிய திட்டத்தில் ஆறு ஆண்டுகள் தாய்மொழியான யொரூபாவில் படித்த பிள்ளைகள் ஆங்கிலத்திலும் பின்தங்கவில்லை.

இதையெல்லாம் அப்பாவிடம் விரிக்கவில்லை. "கதை பேசுங்க. வேலையில நடந்ததை, உங்க சின்ன வயசை, எல்லாத்தையும் தமிழ்ல பேசுங்க. ஆங்கிலத்தை நாங்க பார்த்துக்கறோம்" என்றேன். "நிஜமாவா?" என்று இரண்டு முறை கேட்டார்.

பிப்ரவரி 26

ஐந்தாம் வகுப்பில் இப்போது ஒரு புதிய பழக்கம். கணக்கை முதலில் பிடித்த மொழியில் பக்கத்தில் இருப்பவரோடு பேசலாம். அப்புறம் ஆங்கிலத்தில் எழுத வேண்டும். 'அதிகம் என்றால் கூட்டு' அட்டையை ஆசிரியை தானாகவே சுவரிலிருந்து எடுத்துவிட்டார். பின்தங்கியோர் பட்டியல் இன்னும் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் வீட்டு மொழி, ஆங்கிலத்தில் எத்தனை ஆண்டு என்று இரண்டு புதிய கட்டங்கள் சேர்ந்திருக்கின்றன. மூத்த ஆசிரியரின் வகுப்புக்கு வெள்ளிக்கிழமை போகிறேன்.

இன்று பிள்ளைகளே கணக்கு எழுதினார்கள். பையன் தமிழில் எழுதி, கீழே ஆங்கிலத்தில் எழுதியிருந்தான். அவன் அப்பாவின் சின்ன வயதில் வீட்டில் இருந்த ஆடுகளைப் பற்றிய கணக்கு. ஆங்கில வாக்கியத்தில் இரண்டு பிழைகள். ஆசிரியை சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டு, முதலில் கணக்கைப் போட்டுப் பார்த்தார்.

"உங்க அப்பாகிட்ட ஒன்பது ஆடா?"

"ஆமா மிஸ். பக்கத்து வீட்டைவிட நாலு கம்மி."